திருமதி இளவழகன்

ஆணாகப் பிறந்தவனுக்கு ஒரு 'திரு' போதும். மீசை முளைத்ததும் அதை வாங்கிப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டால் சாகிறவரைக்கும் கழற்ற வேண்டியதில்லை. கல்யாணம் ஆனாலும் திரு, ஆகாவிட்டாலும் திரு, பெண்டாட்டி செத்துப்போனாலும் திரு. பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவள் பெயரை அச்சில் ஏற்றுவதற்கு முன்னால் அவளுக்குப் புருஷன் உண்டா இல்லையா என்று விசாரித்தாக வேண்டும். அப்படி விசாரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

செஞ்சி காந்தி பஜாருக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற அச்சகத்தில் நான் கம்ப்யூட்டரில் கார்டு அடிக்கிறவள். முதலாளி அரங்கநாதன் காலையில் வந்து சாமிக்குப் பூ போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் கடை கட்டும்போதுதான் மறுபடி வருவார். நடுவில் கடை என்னுடையது. வாசலில் நின்று தலையைத் தூக்கினால் ராஜகிரி தெரியும். கோட்டை பார்க்க எங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். எனக்கு முகூர்த்த மாதத்தில் தலையைத் தூக்கவே நேரம் இருக்காது.

முதலாளியின் அப்பா காலத்துக் கார்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடக்கின்றன. அதில் மணப்பெண் எல்லாம் சௌபாக்கியவதி, அவளைப் பெற்றவள் ஸ்ரீமதி. அப்புறம் ஸ்ரீ போய்த் திரு வந்தது. ஸ்ரீமதி திருமதி ஆனாள். மதி என்றால் நிலா, மதி என்றால் அறிவு என்று மேடையில் அளப்பவர்கள் உண்டு. அதெல்லாம் இல்லை, ஸ்ரீயை உடையவள் என்பதுதான் அர்த்தம், செல்வமும் மங்கலமும் உள்ளவள் என்று கடைக்கு வருகிற தமிழ் வாத்தியார் ராஜாராம் சொல்லியிருக்கிறார். அந்தச் செல்வம் யார் என்று நான் கேட்டேன். வேறு யார், வீட்டுக்காரர்தான் என்று சிரித்தார். அதனால்தானோ என்னவோ, பாதிப் பேர் 'திருமதி கோவிந்தன்', 'திருமதி முருகேசன்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். பெற்ற தாய்க்கு ஒரு பேர் கிடையாதா என்று கேட்டு, அவளுடைய சொந்தப் பெயரை வாங்கிப் போட்ட பிறகுதான் விடுவேன். அதற்காகவே சிலர் வேறு அச்சகத்துக்குப் போனார்கள். போகட்டும்.

கல்யாணப் பெண்ணுக்கு வேறு கணக்கு. வீட்டில் இன்னும் கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளைகள் இருந்தால் 'திருவளர்ச்செல்வி' என்று போட வேண்டும். இதுதான் அந்த வீட்டின் கடைசிக் கல்யாணம் என்றால் 'திருநிறைச்செல்வி'. வளர் என்றால் இன்னும் வரும். நிறை என்றால் நிறைந்துவிட்டது. இலக்கணம் படித்தவர்கள் அப்படியெல்லாம் இல்லை என்பார்கள். ஆனால் எங்கள் கடையில் இதுதான் சட்டம். மாற்றிப் போட்டால் கார்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டுவிடுவார்கள். அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி, இதற்கப்புறம் வீட்டில் யாராவது பாக்கி இருக்கிறார்களா என்பதுதான்.

சாலமன் வந்தது ஒரு திங்கட்கிழமை. அனந்தபுரத்துக்காரர், மூத்த மகன் விக்டருக்குக் கல்யாணம். நல்ல மனுஷன். வாய் ஓயாது. மாப்பிள்ளை வீட்டுக் கார்டும் பெண் வீட்டுக் கார்டும் ஒரே இடத்தில் அடித்துவிடலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் விவரத்தைச் சம்பந்தி கைப்பட எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார் என்று போனை என் முன்னால் நீட்டினார்.

படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத்தின் வாலை அடுத்த எழுத்துக்கு அடியில் இழுத்து விடுகிற கை அது. என்னுடைய பள்ளிக்கூட ரேங்க் கார்டுகளில் எல்லாம் அந்தக் கைதான் கையெழுத்துப் போட்டது.

'யாகப்பன், காலஞ்சென்ற ரோஸ்மேரி ஆகியோரின் இளைய புதல்வி, திருவளர்ச்செல்வி விமலா' என்று இருந்தது. தேதி, கோயில், சாப்பாடு எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில், தங்கள் நல்வரவை விரும்பும் என்பதற்குக் கீழே ஒரே ஒரு பெயர். 'அருட்சகோதரி ரீட்டா.'

ரீட்டா நான்தான்.

என் கழுத்தில் தாலி இருக்கிறது. மூன்றாவது படிக்கிற பெண் இருக்கிறாள். என்னைப் பெற்றவர் என்னைக் கன்னியாஸ்திரி ஆக்கிக் கார்டில் போட்டிருந்தார். அதை நானே என் கையால் அடிக்க வேண்டும். கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று கேட்டால், முதலில் சிரிப்புத்தான் வந்தது. இருமுவதுபோல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

எங்கள் ஊர் விருத்தாசலத்துக்குத் தெற்கே. அம்மா நான் எட்டாவது படிக்கும்போது போய்விட்டாள். நைனாதான், அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், எனக்கும் தங்கை விமலாவுக்கும் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர். விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும்போது இளவழகனைப் பார்த்தேன். செஞ்சிக்கு வெளியே காலனி. பொன்னுசாமி, மீனம்பாள் மகன். மாதா கோயில் பூசையில் பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சமாதானம் சொல்லி நீட்டுகிற கை, சம்பந்தம் என்று வந்தால் எங்கள் ஊரில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். காலனிப் பையன் என்றதும் நைனா ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட அன்றைக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி வெச்சிடு என்றார். பதினோரு வருஷமாக அந்த நம்பர் என் போனை எடுக்கவில்லை. செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகால் என்று ஒரு கட்டடம் உண்டு. பேர்தான் கல்யாணம், அங்கே யாருக்கும் தாலி கட்டி நான் பார்த்ததில்லை. ஊர் முழுக்கக் கார்டு அடிக்கிற எனக்கும் அப்படித்தான். என் கல்யாணத்துக்குக் கார்டு கிடையாது.

சாலமனுக்கு நான் யார் என்று தெரியாது. செஞ்சியில் எல்லோருக்கும் நான் பிரஸ் மேடம். நெற்றியில் பொட்டு, கைபேசியில் மேல்மலையனூர் அம்மன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். பெண் எப்படி அமைந்தது என்று நான் கேட்காமலே சொன்னார். முதலில் வேறொரு இடம் பார்த்தார்களாம். எல்லாம் கூடி வந்ததாம்.

"அப்பறம் விசாரிச்சா, அந்தப் பொண்ணோட அக்கா ஒரு காலனிப் பையனோட போயிட்டிருக்குது மேடம். நமக்கு ஒண்ணுமில்ல, நாளைக்கு நம்ம சனம் பேசும் பாருங்க. வேணாம்னுட்டோம். இது நல்ல எடம். அக்கா கன்னியாஸ்திரி. வடக்க எங்கியோ மடத்துல இருக்காங்களாம்."

ஃபேன் காற்றில் மேஜைமேல் இருந்த மாதிரிக் கார்டுகள் படபடத்தன. அதன்மேல் ஸ்டேப்ளரை எடுத்து வைத்தேன். என்னால் விமலாவுக்கு எத்தனை இடம் தட்டிப்போனது என்று எனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளே ஒரு ராத்திரி மெசேஜ் போட்டிருந்தாள். 'இன்னிக்கும் வந்துட்டுப் போயிட்டாங்க. ஒன்னாலதான்.' அதற்கப்புறம் அவளும் என் நம்பரைத் தடுத்துவிட்டாள். இப்போது நான் வாயைத் திறந்தால், இந்த மனுஷன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். அவ்வளவுதான் விஷயம்.

அடித்தேன். விமலாவை அடித்தேன், அம்மாவை அடித்தேன். அருட்சகோதரி என்று அடித்தேன். ரீட்டா என்று அடித்தேன். அது வேறு யாரோ ஒருத்தி என்று நினைத்துக்கொண்டால் கை ஓடியது.

பழக்கம் பொல்லாதது. முடித்ததும் வழக்கமான கேள்வி வாயில் வந்துவிட்டது. பெண் வீட்டில் இதற்கப்புறம் யாராவது பாக்கி உண்டா? சாலமன் யோசித்தார். ஒரே அக்கா, அவரும் கன்னியர் சபைக்குப் போய்விட்டார், ஆகவே இதுதான் கடைசி என்றார். அப்படியென்றால் வளர் வராது, நிறைதான் வரும் என்று சொன்னேன். கடைக்காரியாக நான் சொல்ல வேண்டியது அதுதான். அவருக்கு உடனே பதற்றமாகிவிட்டது. கார்டு விஷயத்தில் குறை வந்தால் பெண் வீட்டார் முகம் சுளிப்பார்களே என்று, நான் தடுப்பதற்குள் சம்பந்திக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, மேடமே கேட்கட்டும் என்று என் பக்கம் தள்ளினார்.

"வணக்கம் சார். செஞ்சி பிரஸ்லேர்ந்து பேசறேன்" என்றேன்.

எதிர்ப்பக்கம் தூரத்தில் ஒரு ஆடு கத்துவது மட்டும் கேட்டது. எங்கள் வீட்டு ஆடாகத்தான் இருக்கும். நான் மேலே சொன்னேன். வளர் என்று எழுதியிருக்கிறீர்கள், கடைசிப் பெண் என்றால் நிறை என்று போடுவது வழக்கம், மாற்றிவிடலாமா என்று கேட்டேன். குரல் நடுங்காமல் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சாலமன் சிக்னல் இல்லையோ என்று போனைத் தட்டினார்.

"நானே நேர்ல வந்து பாத்துட்டு சொல்றேன் மேடம்" என்றார் நைனா.

ஊரே என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறது. எனக்கு அது உறைத்ததே இல்லை. அன்றைக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து இளவழகனிடம் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறியிருக்கிறவர் மாதிரி எதையும் நிதானமாகத்தான் பேசுவார். வேண்டாம், அவர் வருகிற அன்றைக்கு லீவு போட்டுவிடு என்றார். போட மாட்டேன் என்றேன். வந்தால் என்ன கேட்பாய் என்றார். ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பெற்ற மகள் என்று ஒருத்தி இருக்கிறாள் என்றால் உள்ளபடி போடட்டும். இல்லை என்றால் அந்தப் பெயரையே எடுத்துவிடட்டும். நான் எடுக்காத துறவறத்தை என் தலையில் கட்டி, அந்த வேஷத்தில் என்னை நிற்க வைத்து ஊரைக் கூப்பிடச் சொல்ல வேண்டாம். இதைக் கேட்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

வியாழக்கிழமை வந்தார். தனியாக வருவார் என்று நான் முட்டாள்தனமாக நினைத்திருந்தேன். சம்பந்தியைத் தனியாக விடுவாரா சாலமன்? பஸ் ஸ்டாண்டுக்கே போய் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நைனா வாசலில் செருப்பைக் கழற்றினார். இளைத்திருந்தார். சட்டைக் கழுத்து பெரிதாகத் தெரிந்தது. மீசைக்கு மை போடுவதை விட்டிருந்தார்.

"இவங்கதான் நம்ம மேடம்" என்று சாலமன் அறிமுகம் செய்துவைத்தார்.

நைனா கை கூப்பினார். நானும் கூப்பினேன். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டு நிற்பதை எங்கள் அம்மா பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று தெரியவில்லை.

"உக்காருங்க சார்" என்றேன்.

"இருக்கட்டும் மேடம்" என்றவர், சாலமன் தோளைப் பிடித்து அழுத்தவும் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த மாதிரிக் கார்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அந்த விரலை எனக்குத் தெரியும். கதிர் அறுக்கும்போது வெட்டிக்கொண்டு நுனி கோணிப்போன விரல். அது அம்மா பெயரில் கொஞ்சம் நின்றது. விமலாவில் நின்றது. கடைசி வரிக்கு வந்து நகரவே இல்லை. கேட்டுவிடு என்று எனக்குள் ஒருத்தி நெட்டித் தள்ளினாள். சாலமன் பக்கத்திலேயே இருக்கிறார். கடைக்காரி கேட்கிற மாதிரிதான் கேட்க முடியும்.

"இந்தப் பேரு இருக்கட்டுமா சார், எடுத்துடவா?"

சாலமனுக்கு ஒன்றும் புரியவில்லை. கன்னியாஸ்திரி பெயர் இருப்பது கார்டுக்கே கௌரவம்தானே, அதை எதற்கு எடுக்க வேண்டும் என்று என்னைப் பார்த்தார். நைனா புரூஃபிலிருந்து தலை தூக்கவில்லை.

"இருக்கட்டும் மேடம். அந்தப் பேரு இல்லாத கார்ட நான் யாருக்கும் குடுக்க முடியாது."

நான் அசந்துபோனேன். அதுவரை எனக்குத் தோன்றாதது அப்போதுதான் தோன்றியது. மகள் மடத்தில் இருக்கிறாள் என்று வாயால் ஒரு பொய் சொல்லிவிட்டாரே, அதோடு விட்டிருக்கலாம். வடக்கே எங்கேயோ இருக்கிறவள் பெயரைக் கார்டில் போட வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. சித்தப்பா இருக்கிறார், மாமன்மார் இருக்கிறார்கள், அவர்கள் பெயரைப் போட்டிருக்கலாம். அவர்கள் யாரையும் போடவில்லை. என் பெயர் விமலா கல்யாணத்துக்குள் நுழைவதற்கு இருந்தது ஒரே ஒரு வழி. அந்த வழியில் என்னை நுழைத்திருக்கிறார். அது சரியா என்று கேட்டால் சரியில்லை. எனக்குப் பிடித்ததா என்று கேட்டால் பிடிக்கவில்லை. ஆனாலும் எடுத்துவிடுங்கள் என்று சொல்ல அதற்கப்புறம் எனக்கு வாய் வரவில்லை.

சாலமன் அடுத்ததுக்குப் போய்விட்டார். அந்த வளர், நிறை விஷயம். மேடம் சொல்வதுதான் முறையாம், மாற்றிவிடலாம் சம்பந்தி, இதுதானே உங்களுக்குக் கடைசி என்றார்.

"வளர்னே இருக்கட்டும்" என்றார் நைனா. கொஞ்சம் பொறுத்து, "கடைசி இல்ல சம்பந்தி. பெரியவளுக்கு நான் கல்யாணம் பண்ணி வெக்கல. அது பாக்கிதான்" என்றார்.

சாலமனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணை மடத்துக்குக் கொடுத்த தகப்பனின் வருத்தம் என்று நினைத்துக்கொண்டார். அவர்கள் ஆண்டவருக்கே வாழ்க்கைப்பட்டவர்கள், அவர்களுக்கு ஏது பாக்கி என்று சொல்லி நைனாவின் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கணம் நைனாமேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது. பாக்கி என்று தெரிந்திருக்கிறதே! தெரிந்தும் பதினோரு வருஷம் ஒரு போனை எடுக்க முடியவில்லையே. யாரிடம் வந்து சொல்ல வேண்டியதை யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கூடவே, எழுந்து போய் அந்தக் கோணல் விரலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சரிங்க சார், வளர் என்றே விட்டுவிடுகிறேன் என்றேன். நைனா புரூஃபின் மூலையில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஊருக்குக் கொண்டுபோக அவசரத்துக்கு ஒரு கட்டு அன்றைக்கே வேண்டும் என்று கேட்டார்கள். டிஜிட்டல் மெஷினில் போட்டேன். கார்டு ஒவ்வொன்றாக வந்து விழ ஆரம்பித்தது. அப்போது சாலமனுக்குப் போன் வந்தது, பந்தல்காரன். உள்ளே சத்தத்தில் கேட்கவில்லை என்று அவர் வாசலுக்குப் போனார்.

நானும் நைனாவும் மட்டும் இருந்தோம். நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். அவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். ரீட்டா என்று ஒரு தடவை கூப்பிடுவார் என்று நினைத்தேன். நல்லா இருக்கியா, சாப்டியா, ஏதாவது ஒன்று.

"விமலாவுக்கு முப்பது ஆகப் போகுது" என்றார்.

கிடைத்த அந்த ஒரே தனிமையில் அவர் என்னிடம் கேட்டது அதுதான். கெஞ்சலாகத்தான் கேட்டார்.

"தெரியும்" என்றேன். "நான் சொல்ல மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். அதற்குள் சாலமன் பந்தல்காரனைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

கார்டுகளை அடுக்கி உறைகளோடு கட்டிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு கிளம்பிப் போயிருக்கலாம். சாலமன்தான் விடவில்லை. மேடம் கை ராசியான கை, சூடு ஆறுவதற்குள் முதல் கார்டை அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்றார். கட்டைப் பிரித்து ஒரு கார்டை எடுத்து உறையில் போட்டு, பேனாவோடு நைனா கையில் திணித்தார். பெண் வீட்டார் கையால் எழுதுவதுதான் மரியாதையாம்.

நைனா உறையை மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

"பேரு இன்னான்னு எழுதட்டும் மேடம்?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். என் பெயர் அவருக்குத் தெரியாதா? அவர் வைத்த பெயர். அதை அங்கே அவரும் எழுத முடியாது, நானும் சொல்ல முடியாது. அந்தப் பெயர் உறைக்குள்ளே, கார்டில், மடத்துக்காரி ஒருத்தியிடம் இருந்தது. மற்றவர்களோடு சண்டை போட்டு நான் அடித்துத் திருத்துகிற அந்தப் பட்டத்தை, புருஷன் பெயரோடு நின்றுபோகிற அதை, நானே கேட்டு வாங்கினேன்.

"திருமதி இளவழகன்னு எழுதுங்க சார்."

இளவழகன் என்ற பெயரை அவர் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. சண்டையிலும் 'அந்தப் பையன்' தான். இப்போது பேனாவை உறையில் ஊன்றினார். திருமதி என்று எழுதினார். பேனா நின்றது. எனக்குத் தாலி கட்டியதை ஒப்புக்கொண்ட எழுத்து அது ஒன்றுதான், அதற்குமேல் வேண்டாம், அதோடு விட்டாலும் போதும் என்று நினைத்தேன். பேனா நுனியில் மை ஊறிப் பொட்டாக நின்றது. பிறகு இளவழகன் என்று எழுதினார், எழுத்தின் வாலை அடுத்த எழுத்துக்கு அடியில் இழுத்து.

"பசங்க?"

"ஒரு பொண்ணு. அனு. மூணாவது படிக்குது."

யாரும் உறைமேல் குழந்தை பெயர் எழுத மாட்டார்கள். 'குடும்பத்தினர்' என்று போட்டால் முடிந்தது. நைனா அடுத்த வரியில் மெதுவாக 'செல்வி அனு' என்று எழுதினார். இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். நானும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கார்டு கொடுக்கிற எவரும் கொடுத்தவுடன் ஒரு வார்த்தை சொல்வார்கள். குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்பார்கள். பகையாளிக்குக் கொடுத்தாலும் அதைச் சொல்லாமல் கொடுக்க மாட்டார்கள். நான் காத்துக்கொண்டு நின்றேன். நைனாவின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. விருத்தாசலத்திலிருந்து பஸ் பிடித்து வரப்போகிற சனம் முழுக்க என்னைத் தெரிந்தவர்கள், விமலாவுக்காக இந்தப் பொய்யைக் கண்டும் காணாமல் இருக்கிறவர்கள். நான் அந்தக் கோயில் வாசலில் கால் வைத்தால் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கார்டை விட்டுவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கண்டிப்பா குடும்பத்தோட வந்துடணும் மேடம்" என்று சாலமன் அவருக்கும் சேர்த்துச் சொன்னார்.

வரப் பார்க்கிறேன் என்றேன். போக முடியாத கல்யாணத்துக்கு எல்லோரும் சொல்கிற பதில்தான்.

நைனா வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ள நேரம் பிடித்தது. குனிந்து வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பிறகு சாலமன் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு இளவழகன் டியூட்டி முடிந்து வந்ததும் உறையைக் கையில் கொடுத்தேன். உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. மேலே எழுதியிருந்ததை மட்டும் படித்தார். அவர் கை அழுக்காக இருந்தது. போய்க் கழுவிவிட்டு வந்து மறுபடி வாங்கிப் படித்தார்.

"எம்பேர எழுதியிருக்காரு" என்றார்.

அதுவரைக்கும் நான் அழவில்லை.

கல்யாணத்தன்று கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் யாரோ ஒரு அம்மாள் மகளோடு கார்டு அடிக்க வந்தாள். வழக்கம்போல், இதற்கப்புறம் வீட்டில் பாக்கி யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். கேட்க முடியவில்லை. வளர் என்றே போட்டுக் கொடுத்தேன்.